சாட்டினில் மூன்றாவது ஓட்டை

அத்தியாயம் 6

"இது எங்க சரக்கு இல்லீங்க" என்று பொத்தான் வார்ப்பவர் கையை விரித்தபோது பூதக்கண்ணாடிக்கு மண்டை காய்ந்துவிட்டது.

காலையிலிருந்து இது மூன்றாவது கைவிரிப்பு. முதலில் நாடக உடை வாடகைக்கு விடுகிறவர் விரித்தார். அடுத்து சாவிக்கொத்து பொம்மை செய்கிறவர், வாயில் மிட்டாயை அதக்கிக்கொண்டு, பொருளைக் கையில்கூட வாங்காமல் தலையை ஆட்டினார். இப்போது இவர்.

"நல்லாப் பாருங்க. ரெசினை இவ்வளவு நுணுக்கமா அச்சுல ஊத்தறது இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தானாம்."

"ஊத்தறேன், இல்லேங்கலை. பொத்தான் ஊத்தறேன். பொம்பளை மூஞ்சியெல்லாம் ஊத்தறதில்லை. மூஞ்சி வச்ச பொத்தானை எவன் சார் சட்டையில போட்டுப்பான்?"

"சில பேருக்கு மூஞ்சியைவிட பொத்தானே நல்லா இருக்கும்" என்றார் கண்டக்டரம்மா, தன் முதலாளியின் முகத்தைப் பார்த்தபடி.

பூதக்கண்ணாடி என்பது துப்பறிவாளரின் பட்டப்பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்கு கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். சட்டைப்பையில் அந்தக் கண்ணாடி இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே பாதி மறந்துவிட்டது. கண்டக்டரம்மா அவருடைய உதவியாளர். பல வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, முழங்கால் தேய்ந்து, வாய் மட்டும் தேயாமல் இங்கே வந்து சேர்ந்தவர்.

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். சாயங்காலமாகியும் வெயில் மண்டையைப் பிளந்தது. பூதக்கண்ணாடி கைக்குட்டையைப் பிரித்து அந்தச் சனியனை இன்னொரு முறை பார்த்தார். முட்டை வடிவில், புடவையில் குத்திக்கொள்ளும் ஒரு புரூச். பழுப்பு நிறப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண் முகம். கழுத்துக்குப் பின்னால் தனியாக ஒரு முடிச் சுருள். சுற்றிலும் தங்கம் போல மினுங்கும் சட்டம். முகம் ரெசின், சட்டம் கவரிங். பார்த்த மாத்திரத்தில் போலி என்று அவருக்கே தெரிந்தது. அதைச் செய்தவன் யார் என்றுதான் தெரியவில்லை.

"இன்னும் எத்தனை கடை சார்?" என்றார் கண்டக்டரம்மா. "என் முட்டி ரெண்டும் ராஜினாமா கடிதம் எழுதிக்கிட்டிருக்கு."

"கடை தீர்ந்துபோச்சு. சாயங்காலமும் ஆயிடுச்சு. டாக்ஸியைக் கூப்பிடுங்க."

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"வெறுங்கையோட போய் நிக்கப்போறேன். அதுக்குத்தான் டாக்ஸி" என்று எரிந்து விழுந்தார் பூதக்கண்ணாடி.

டாக்ஸி நெரிசலில் ஊர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காலையில் நடந்ததை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்ப்பதைத் தவிர உருப்படியாகச் செய்ய எதுவும் இல்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. அக்கா, தங்கை இருவர். அக்கா ஆடிட்டர், தங்கை மழலையர் பள்ளி டீச்சர். அக்காவுக்குப் பழங்கால கேமியோ நகைகள் சேர்ப்பதுதான் உயிர். சிப்பியின் மேல் அடுக்கை முகமாகச் செதுக்கி, கீழடுக்கைப் பின்னணியாக விட்டு, தங்கத்தில் சட்டம் கட்டிய நகைகள். "கேமியோன்னா சினிமாவுல ஒரு நிமிஷம் வந்து கையாட்டிட்டுப் போவாங்களே, அதில்லையா?" என்று காலையில் கண்டக்டரம்மா கேட்டு, ஆடிட்டரம்மாவிடம் ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டார்.

வீடு முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். அவற்றுக்குள் வரிசை வரிசையாக வெள்ளை முகங்கள். பூதக்கண்ணாடி குனிந்து ஒன்றை எடுக்கப் போனபோது ஆடிட்டரம்மா பதறினார்.

"தொடாதீங்க, குத்திடும். பழைய புரூச்சுல ஊசி சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். அப்பல்லாம் கொக்கிக்குப் பூட்டு கிடையாது. அதனால மிச்ச நுனியைத் திரும்பத் துணியில செருகிப்பாங்க, நழுவாம இருக்க."

அந்தக் கூட்டத்துக்கே ராணி அவர்கள் அம்மாவின் புரூச். கழுத்தில் தனிச் சுருள் உள்ளது அது ஒன்றுதான். உலகத்தில் இதற்கு ஜோடி இல்லை என்று நகைக்கடை வைத்திருக்கும் மதிப்பீட்டாளரே அடித்துச் சொல்லியிருந்தார். தங்கை வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பள்ளி ஆண்டு விழாவுக்கு அதைக் கேட்டு வாங்கினார். முந்தாநாள் மாலை திருப்பிக் கொடுத்தார். நேற்று ஆடிட்டரம்மா அதை மதிப்பீட்டாளரிடம் எடுத்துப் போனார். அவர் உள் அறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வெளியே வந்து, "இது போலிம்மா" என்றார்.

"தங்கச்சி திருப்பிக் கொடுத்தப்ப நீங்க பார்க்கலையா?" என்று பூதக்கண்ணாடி கேட்டிருந்தார்.

"வாங்கினேன், பெட்டியில வச்சேன். கூடப்பொறந்தவ குடுக்கிறதை உங்களை மாதிரி கண்ணாடி வச்சா பார்ப்பாங்க?"

"அப்புறம் ஏன் சோதிக்கக் கொண்டு போனீங்க?"

"மதிப்பீட்டாளர்தான் சொல்லி வச்சிருந்தார். வெளியே போயிட்டு வந்த பொருளை ஒரு தடவை பார்த்துடணும்னு. நல்லவேளை சொன்னார்." ஆடிட்டரம்மா பெட்டியை மேஜையில் டொக்கென்று வைத்தார். "அது திரும்பி வரப்போகுதேன்னு ஆசை ஆசையா புதுச் சாட்டின்ல திண்டு தைச்சு வச்சேன். போலியைக் கொண்டாந்து அதுல படுக்க வச்சுட்டா! சாயங்காலம் வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள எங்கம்மா நகை இந்த மேஜைக்கு வரணும். வரலைன்னா போலீஸ்தான். தங்கச்சியாவது, தாட்சண்யமாவது!"

டீச்சர் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். துப்பறிவாளரை அமர்த்தியதே அவர்தான். போலீஸ் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

"வேலை போனாப் போகட்டும் சார்" என்று வாசல்வரை வந்து சொன்னார். "அக்கா என்னைத் திருடின்னு நம்பிட்டா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை சார். அதைத்தான் என்னால தாங்க முடியலை."

அப்போதுதான் கண்டக்டரம்மா முதலாளியின் காதில் கிசுகிசுத்தார். "ஆடிட்டரம்மா விரல்ல முயல் குதிக்குது, பார்த்தீங்களா சார்? அந்தக் கடுகடு மூஞ்சிக்கு முயல் படம் போட்ட பிளாஸ்திரி!"

"வந்த வேலையைப் பாருங்க" என்று அதட்டிவிட்டு, போலியைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, அதைச் செய்தவனைத் தேடிக் கிளம்பினார் பூதக்கண்ணாடி. கிளம்பியவர் நாள் பூராவும் நாயாய் அலைந்து, இதோ மூக்கு உடைபட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.

டாக்ஸி ஆடிட்டரம்மா வீட்டுத் தெருவில் திரும்பியது. வாசலில் ஒரு பெரிய கார் நின்றிருந்தது. மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சாட்சியாகக் கூடப் போக.

"பெட்டியைக் கொடுங்க" என்றார் பூதக்கண்ணாடி. "இதையாவது எடுத்த மாதிரியே வச்சுக் கொடுப்போம்."

கண்டக்டரம்மா பெட்டியைத் திறந்து மடியில் வைத்தார். வெள்ளைச் சாட்டின் திண்டு பளபளத்தது. சாட்டினில் ஒரு தடவை ஊசி ஏறினால் தடம் போகாது. அந்தத் தடத்திலேயே ஊசியை ஏற்றிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று பூதக்கண்ணாடி குனிந்து, கண்ணாடியை எடுத்து, ஓட்டைகளைத் தேடினார். ஒன்றில் ஊசி இறங்கியது. பக்கத்தில் இருந்த மற்றொன்றில் வெளியே வந்தது. கொக்கியில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆனால் சட்டத்துக்கு வெளியே, அதே நேர்கோட்டில், இன்னொரு ஓட்டை பாக்கி இருந்தது. அதன் ஓரத்தில் துரு நிறத்தில் ஒரு புள்ளி.

அவர் புரூச்சைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். திருப்பி மாட்டினார். எப்படி மாட்டினாலும் போலியின் ஊசி அந்த மூன்றாவது ஓட்டை வரைக்கும் எட்டவே இல்லை. அது கொக்கியோடு சமர்த்தாக முடிந்துவிட்டது.

"என்ன சார், ஒரு ஸ்டாப் விட்டுட்டீங்க போல" என்றார் கண்டக்டரம்மா எட்டிப் பார்த்து. "ஓட்டை மூணு இருக்கு, ஊசி ரெண்டோட இறங்கிடுச்சே."

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கீழே வைத்தார். ஊசி சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மிச்ச நுனியைத் திரும்பத் துணியில் செருகுவார்கள். காலையில் அந்த அம்மாளே சொன்னது காதில் ஒலித்தது. புதுத் திண்டு. முயல்.

"கண்டக்டரம்மா, என் தலையில ஒரு குட்டு வைங்க."

"சந்தோஷமா வைப்பேன். காரணத்தைச் சொல்லுங்க."

"உள்ளே போய்ச் சொல்றேன். டாக்ஸியை அனுப்பிடாதீங்க."

கூடத்தில் ஆடிட்டரம்மா கைப்பையோடு தயாராக நின்றிருந்தார். சோபாவில் மதிப்பீட்டாளர், தும்பைப்பூச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். டீச்சர் காலையில் நின்ற அதே மூலையில்தான் நின்றார். நாள் முழுக்க அங்கேயே நின்றாரோ என்னவோ, கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நகை எங்கே?" என்றார் ஆடிட்டரம்மா.

"கிடைக்கலைம்மா."

"அப்ப கிளம்பலாம். வாங்க சார்" என்று மதிப்பீட்டாளரைப் பார்த்தார். அவர் சோபாவை விட்டு எழுந்தார், முகத்தில் ஒரு துக்க வீட்டு முகபாவத்தோடு.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் பூதக்கண்ணாடி. "உங்க விரல்ல இருக்கிற பிளாஸ்திரி எப்ப ஒட்டினது?"

ஆடிட்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாள் பூரா சுத்திட்டு வந்து கேக்கிற கேள்வியா இது? முந்தாநாள். இவ புரூச்சைக் கொண்டாந்து கொடுத்தா. திண்டுல குத்தி வைக்கும்போது நுனி விரல்ல ஏறிடுச்சு. அதுக்கென்ன இப்ப?"

"எந்த நுனி?"

"அந்தப் போலியோட…"

சொல்ல வந்தவர் பாதியில் நின்றார். பூதக்கண்ணாடி பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

"இந்தாங்க. இதை மாட்டி, இன்னொரு தடவை குத்திக்கிட்டுக் காட்டுங்க."

ஆடிட்டரம்மா புரூச்சை எடுத்தார். ஊசியைக் கொக்கியில் மாட்டினார். விரலைக் கொண்டுபோய் விளிம்பில் தேய்த்தார். வழுவழுவென்று சட்டம்தான் தட்டுப்பட்டது. குத்துவதற்கு அங்கே நுனியே இல்லை.

"நேத்து இவர் போலின்னு சொன்னதும் நீங்களும் ஊசியைப் பார்த்திருப்பீங்க. குட்டையா இருக்கு, ஆமா, போலிதான்னு தலையாட்டியிருப்பீங்க. உங்களை மாதிரி தெரிஞ்சவங்களுக்கு அது ஒண்ணு போதுமே. ஆனா இவ்வளவு குட்டை ஊசி முந்தாநாள் எப்படிக் குத்திச்சுன்னு மட்டும் யோசிக்கலை. கோபம் யோசிக்க விடலை." பூதக்கண்ணாடி திண்டின் மேல் விரலை வைத்தார். "ரெண்டு ஓட்டை சட்டத்துக்குள்ள. மூணாவது வெளியே. அது நீட்டமான ஊசி போட்ட ஓட்டை. பக்கத்துல உங்க ரத்தம்."

"திண்டுல ஆயிரம் ஓட்டை இருக்கும். பழைய நகை ஏதாவது குத்தியிருக்கும்" என்றார் மதிப்பீட்டாளர் சாவகாசமாக.

"இல்லை." ஆடிட்டரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "இது புதுசு. நான்தான் தைச்சேன். இதுல வேற எதையும் நான் குத்தினதே இல்லை."

"ஆக, முந்தாநாள் சாயங்காலம் உங்க கைக்கு வந்தது உங்க அம்மாவோட நகை. அதே கையால நேத்து நீங்க இவர்கிட்ட கொடுத்ததும் அதுதான். இவர் உள் அறையிலிருந்து கொண்டாந்ததுதான் இந்தக் கவரிங்."

மதிப்பீட்டாளர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது. "பாருங்க, எங்கிட்ட நாளைக்கு எவ்வளவோ பொருள் வரும் போகும். ஒருவேளை… ஒருவேளை சோதிக்கும்போது கை தவறி மாறிப் போயிருக்கலாம். மனுஷன்தானே. நான் கடைக்குப் போய்த் தேடிப் பார்க்கிறேன்."

"மாறணும்னா ஒரே மாதிரி ரெண்டு வேணுமே" என்றார் பூதக்கண்ணாடி. "கழுத்துச் சுருளோட இன்னொண்ணு உலகத்துலயே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மதிப்பீட்டாளர் சட்டை மடிப்பை நீவிக்கொண்டார்.

"இது முன்னாடி எப்பவாவது வெளியே தங்கியிருக்கா?" என்று பூதக்கண்ணாடி ஆடிட்டரம்மாவைக் கேட்டார். "இவர் கடையில?"

"போன வருஷம்… இன்சூரன்ஸுக்காக. ஒரு வாரம் வச்சிருந்தார்."

"அச்செடுக்க ஒரு மணி நேரம் போதும். அப்புறம் காத்துக்கிட்டிருந்தார். அது உங்க வீட்டை விட்டு ஒரு தடவை வெளியே போயிட்டு வரணும். பழியைப் போட ஒரு தோள் கிடைக்கணும். அதுக்காகத்தான் வெளியே போய் வந்தா சோதிக்கணும்கிற யோசனையை முன்கூட்டியே உங்க காதுல போட்டு வச்சார். போலி அவ்வளவு நல்லா இருக்கணும்னு அவசியமே இல்லை. சீக்கிரம் கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தாத்தான் அவருக்கு வசதி. கண்டுபிடிக்கப் போறவரே அவர்தானே!"

மதிப்பீட்டாளர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை மடிப்பு கலைந்தது.

கண்டக்டரம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து எழுப்பினார். "எழுந்திருங்க, எழுந்திருங்க. உங்க கடை ஸ்டாப் வந்தாச்சு. வாசல்ல டாக்ஸி நிக்குது. போய் எடுத்துட்டு வந்துடலாம். வழியில குதிச்சுடலாம்னு நினைக்காதீங்க. ஓடற வண்டியில தொங்கினவனையே உள்ளே இழுத்துப் போட்ட கை இது."

அவர்கள் கிளம்பியதும் ஆடிட்டரம்மா போலீஸுக்கு போன் செய்தார், இந்த முறை சரியான ஆளைப் பற்றி, அவர் கடை விலாசத்தோடு. செய்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தங்கையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

பூதக்கண்ணாடி சன்னலோரம் நின்று தன்னையே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பெட்டி காலையிலிருந்து கண்டக்டரம்மாவின் கையில்தான் இருந்தது. முயலையும் அவர் காலையிலேயே காட்டினார். இந்த மனுஷன் பொத்தான் கடையில் போய் முட்டிக்கொண்டிருக்கிறார்! தீர்ந்த வழக்கு என்றாலும் அவருக்கு ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை.

கண்டக்டரம்மா மூச்சிரைக்க வந்தார். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. "மேஜை டிராயர்லயே வச்சிருக்கான் சார், களவாணி. ஆளை அவன் கடை வாசல்லயே போலீஸ்காரங்க கையில ஒப்படைச்சுட்டு வந்துட்டேன். இதைப் பிறகு காட்டணுமாம், பத்திரமா வச்சிருக்கச் சொன்னாங்க."

முடிச்சு அவிழ்ந்தது. விளக்கை நோக்கி ஆடிட்டரம்மா அதைத் தூக்கிப் பிடித்தார். சிப்பிக்குள் வெளிச்சம் ஊடுருவி, அந்த வெள்ளை முகம் உயிர் வந்த மாதிரி சிவந்தது. அதைப் பார்த்ததும் ஆடிட்டரம்மாவின் கண் கலங்கியது.

"இதை நீயே வச்சுக்கோடி" என்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே. "இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு வேணாம்" என்றார் டீச்சர்.

"அம்மாவோடது. உனக்கும் பாத்தியதை உண்டு."

"நகையையா நான் கேட்டேன்? ஒரு வார்த்தை, 'நீ எடுத்தியாடி'ன்னு என்னைக் கேட்டிருக்கலாம். அதைக்கூடக் கேக்கலை நீ. எடுத்துட்டேன்னே முடிவு பண்ணிட்ட." டீச்சர் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். "அதுவும் நான் ஒட்டின பிளாஸ்திரியை விரல்ல வச்சுக்கிட்டு."

அப்போதுதான் பூதக்கண்ணாடிக்கு மிச்சமும் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் விழுந்து எழும் குழந்தைகளுக்காக டீச்சர் கைப்பையில் எப்போதும் முயல் பிளாஸ்திரி இருக்கும். முந்தாநாள் அக்கா 'ஆ' என்றதும் ஓடி வந்து ஒட்டியவர் தங்கைதான்.

ஆடிட்டரம்மா முயல் ஒட்டிய விரலைப் பார்த்தார். ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காகவே போல, புரூச்சை எடுத்துத் திண்டில் குத்தினார். கண் வாசல் பக்கம் இருந்தது. ஊசி முதல் ஓட்டையில் இறங்கி, இரண்டாவதில் ஏறி, கொக்கியைத் தாண்டி, மூன்றாவது ஓட்டைக்குப் பதிலாக நேராக அவர் விரலில் போய் இறங்கியது. இந்த முறை கட்டைவிரல். பொட்டென்று ரத்தம் வந்தது.

டீச்சரின் கை தானாகவே கைப்பையைத் திறந்தது. முயல் பிளாஸ்திரி ஒன்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் அவருக்குத் தான் செய்வது தெரிந்தது. அதை மேஜையில் வைத்தார்.

"நீயே ஒட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

ஆடிட்டரம்மா ஒரு கையால் பிளாஸ்திரியின் காகிதத்தைப் பிரிக்கப் பார்த்தார். பல்லால் கடித்துப் பார்த்தார். பிரிந்தது, பசைப் பக்கம் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு சுருண்டது. ரத்தம் வெள்ளைச் சாட்டினில் சொட்டியது. உதவிக்குப் போகக் காலெடுத்து வைத்த கண்டக்டரம்மாவைப் பூதக்கண்ணாடி தோளைப் பிடித்து நிறுத்தினார்.

வாசற்படியில் செருப்புச் சத்தம் நின்றது.

டீச்சர் விறுவிறுவென்று திரும்பி வந்தார். சுருண்டதைப் பிடுங்கி எறிந்தார். பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் பிரித்து, அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து ஒட்டினார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தேவைக்கு மேல் ஒரு அழுத்து அழுத்தினார். ஆடிட்டரம்மா வலியில் 'ஸ்' என்றார், ஆனால் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.